கார்டில் பழுது இல்லை

ஒரே பெயரும் ஒரே படமும் அச்சிட்ட இரண்டு அட்டைப்பெட்டிகளுக்குள் இரண்டு வேறு பொருட்கள் இருக்கலாம். கடையில் வாங்குகிறவர்களில் பாதிப் பேருக்கு இது தெரியாது. வைஃபை கார்டு வாங்கும்போது முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான், ஐயா. உங்கள் வீட்டுக்கு எப்போதாவது வாங்கினால் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

நான் ஸ்டேஷனுக்கு வந்தது ஒரு வரியைத் திருத்தச் சொல்வதற்காக. நேற்றைய செய்தித்தாளில் உங்கள் விசாரணையைப் பற்றிப் போட்டிருந்தார்கள். நாரணாபுரம் அருகே உள்ள பட்டாசு ஆலையில் அலுவலகக் கணினியின் வைஃபை கார்டு பழுதாகிவிட்டது, அதனால் ஒன்பதாம் அறையில் சூடு ஏறியது யாருக்கும் தெரியவில்லை, இரண்டு பேர் இறந்துபோனார்கள் என்று. அது தவறு. கார்டில் பழுது இல்லை. கடைசி நொடி வரை அது வேலை செய்தது. இறந்தவர்கள் பெயர் சரிதான். வெள்ளைத்தாய், முத்துமாரி. கைதானவர் போர்மேன் ஞானசீலன் என்பதும் சரிதான். கைதானது மட்டும் சரியில்லை. அதற்கும் வருகிறேன். வரிசையாகச் சொன்னால்தான் எனக்கு வரும்.

 வெடித்துப் பதினோரு நாள் ஆகிறது.

என் பெயர் மணிமுத்து. வயது இருபத்துநாலு. சொந்த ஊர் எம். புதுப்பட்டி. பாலிடெக்னிக் முடித்துவிட்டு அந்த ஆலையில் கணினி வேலைக்குச் சேர்ந்தேன். எனக்குச் சின்ன வயதிலிருந்தே சத்தம் என்றால் பயம். வெடி செய்கிற ஊரில் பிறந்தவன் இப்படிச் சொன்னால் சிரிப்பார்கள், அதனால் சொல்வதில்லை. தீபாவளியன்று கதவைச் சாத்திக்கொண்டு, பனி பெய்யும் ஏதோ ஒரு நாட்டின் நாவலைத் தமிழில் படித்துக்கொண்டிருப்பேன். பனி விழும்போது சத்தமே கேட்காது என்று அவற்றில் எழுதியிருக்கும். அது எனக்குப் பெரிய ஆறுதலாக இருக்கும்.

சூட்டை அளக்கும் ஏற்பாடு என் யோசனைதான். எங்கள் ஆலையில் முப்பத்துநான்கு அறைகள். ஒன்று வெடித்தால் அடுத்தது பற்றக் கூடாது என்பதற்காக ஒவ்வொன்றுக்கும் நடுவே பொட்டல் விட்டிருப்பார்கள். மருந்து என்று நாங்கள் சொல்வது வெடிமருந்துக் கலவையை. அது ஈரம் பட்டால் தானாகச் சூடேறும். மெதுவாகத்தான் ஏறும். கவனித்தால் தப்பிக்கலாம். அதனால் ஒவ்வொரு அறையின் சுவரையும் துளைத்துச் சூடு அளக்கும் ஒரு நுனியை உள்ளே விட்டேன். மின்சாரம் உள்ளே போகக் கூடாது என்பதால் பேட்டரிப் பெட்டியை இருபதடி தள்ளிக் கல்தூணில் வைத்தேன். அங்கிருந்து அலுவலகத்துக்குக் கம்பி இழுக்க முதலாளி ஒத்துக்கொள்ளவில்லை. கம்பி வழியாக இடி இறங்கும் என்றார். எங்கள் பக்கம் இடிக்குப் பயப்படாத முதலாளி கிடையாது. ஆகவே காற்று வழியாக. பத்து நொடிக்கு ஒரு முறை பெட்டி சூட்டின் அளவை எண்ணாக அனுப்பும், அலுவலகக் கணினி வாங்கிச் சுவரில் மாட்டிய பெரிய திரையில் காட்டும். நாற்பது டிகிரியைத் தாண்டினால் அபாயச் சங்கு ஊதும். எண்ணே வரவில்லை என்றாலும் ஊதும். தகவல் வராவிட்டால் ஆபத்து என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். அந்த விதியை எழுதியவன் நான். இப்போதும் அதை நல்ல விதி என்றுதான் நினைக்கிறேன்.

பழைய கணினி அது. விண்டோஸுக்குப் பதிலாக, இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் போட்டிருந்தேன். அதில் செருகச் சிவகாசியில் ஒரு வைஃபை கார்டு வாங்கினேன். பென் டிரைவ் மாதிரி இருக்கும். கார்டுக்கும் கணினிக்கும் நடுவே நின்று பேச ஒரு சின்ன நிரல் வேண்டும், அதைத்தான் டிரைவர் என்பார்கள். அந்தக் கார்டைச் செய்தவர்கள் அதன் டிரைவரைப் பூட்டிக் கொடுத்திருந்தார்கள். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று யாரும் படிக்க முடியாது. இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை அது மூச்சை நிறுத்திவிடும். எண் வராது. சங்கு ஊதும்.

சங்கு ஊதினால் எல்லோரும் கையில் இருப்பதை வைத்துவிட்டு வேப்ப மரங்களுக்குக் கீழே வந்து நிற்க வேண்டும். ஞானசீலன் அண்ணாச்சி அறை அறையாகப் போய்ச் சுவரில் கை வைத்துப் பார்த்த பிறகுதான் திரும்பலாம். அரை மணி நேரம் போய்விடும். அங்கே பீஸ் கணக்கில் வேலை. சீசன் வேறு. எல்லோரும் என்னைத்தான் பார்ப்பார்கள்.

ஒன்பதாம் அறையில் காகிதக் குழாய்களில் மருந்து செலுத்தும் வெள்ளைத்தாய்க்கு ஐம்பது வயது இருக்கும். அவர் சும்மா விடமாட்டார். "ஏலே மணிமுத்து, உசுரோட இருக்கையிலயே எங்களுக்கு எத்தன தடவலே சங்கு ஊதுவ? இன்னைக்கு மட்டும் மூணு தடவ செத்துட்டேன்" என்பார். மரத்தடியே சிரிக்கும். நானும் சிரிப்பேன். அடுத்த தடவை கார்டு நிற்கும்வரை திரையைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

சிரிக்காதவர் முத்துமாரி அக்கா ஒருவர்தான். அவரும் ஒன்பதாம் அறை. சங்கு ஊதினால் முதலில் வெளியே வருவது அவர். செருப்பைக் கூட மாட்டமாட்டார். எல்லாம் பொய்ச் சத்தம் என்று மற்றவர்கள் ஆடி அசைந்து வருவார்கள், இவர் பொட்டலில் வெறுங்காலோடு ஓடுவார். பிறகு முள்ளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

எனக்குத் திறமூல டிரைவர் உள்ள கார்டு வேண்டும் என்று முடிவு செய்தேன். அதாவது, எழுதியவர்கள் எல்லா வரியையும் உலகத்துக்கு முன்னால் திறந்து வைத்திருக்க வேண்டும். தப்பு இருந்தால் யாராவது பார்த்துத் திருத்தியிருப்பார்கள். அதைத் தேட நாலு மாதம் ஆனது, ஐயா. முதலில் சொன்னேனே, அட்டைப்பெட்டியை நம்ப முடியாது. இணையத்தில் ஒருவர் நல்லது என்று எழுதியிருந்த கார்டைத் தருவித்தேன். அதே பெயர், அதே படம். உள்ளே இருந்த சிப் வேறு. திருப்பி அனுப்பினேன். இன்னொன்றும் அப்படியே. லினக்ஸ்காரர்கள் பேசிக்கொள்ளும் மடலாடல் குழுவில் கேட்டேன். முகம் தெரியாத ஒருவர், பெட்டியைப் பார்க்காதே, கணினியில் செருகினால் தெரியும் அடையாள எண்ணைப் பார், சிப்பின் மேல் உள்ள பொடி எழுத்தைப் படி என்று பொறுமையாக எழுதினார். அவர் ஊரில் அப்போது பனி பெய்துகொண்டிருந்ததாம்.

விருதுநகரில் பழைய கணினிகளைப் பிரித்து விற்கும் சங்கரலிங்கம் என்பவர் கடையில் ஒரு கூடை நிறையக் கழற்றிய கார்டுகள் இருந்தன. நான் லென்ஸ் வைத்து ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டிருந்தேன். "தம்பி கார்டு வாங்க வந்தீகளா, பொண்ணு பாக்க வந்தீகளா? ஜாதகமே பாக்கீகளே" என்றார். மூன்றாவது தடவை போனபோது கிடைத்தது. யாரோ ஒருவருடைய மடிக்கணினிக்குள் இருந்த கார்டு. விரல் நகம் நாலைச் சேர்த்து வைத்த அளவு. அதன் டிரைவர் லினக்ஸோடு சேர்ந்தே வருகிறது, தனியாக எதுவும் போட வேண்டியதில்லை. செருகினேன். பேசியது. அன்றிரவு வீட்டில் உட்கார்ந்து அந்த டிரைவரின் வரிகளைப் படித்தேன். பாதிதான் புரிந்தது. ஆனால் ஒளித்து வைத்த இடம் ஒன்றுகூட இல்லை. ஒரு நல்ல மனிதரோடு பேசியது மாதிரி இருந்தது.

மறுநாள் வேப்ப மரத்தடியில் எல்லோரிடமும் சொன்னேன். இனிமேல் சங்கு சும்மா ஊதாது என்றேன். முத்துமாரி அக்கா மட்டும் எழுந்து பக்கத்தில் வந்தார்.

"அப்ப ஊதுனா நெசந்தான தம்பி?"

"நெசந்தான் அக்கா."

"ஊதலைன்னா பயமில்லாம இருக்கலாம்ல?"

இருக்கலாம் என்றேன்.

ஞானசீலன் அண்ணாச்சி அன்று ஒன்று சொன்னார். அதிகம் பேசாதவர், பைபிளைத் தவிர எதையும் படிக்காதவர். "தம்பி, இனி ஒங்க மெஷின் ஓடுன்னு சொன்னா நான் கண்ண மூடிட்டு ஓடுவேன். இருன்னு சொன்னா இருப்பேன்" என்றார். அதுவரை மணிக்கு ஒரு தடவை அறை அறையாகப் போய்க் கை வைத்துப் பார்ப்பார். அந்த வாரத்திலிருந்து அதைக் குறைத்துக்கொண்டார்.

பதினேழு நாள் சங்கு ஊதவில்லை. கார்டு ஒரு எண்ணைக்கூட விடவில்லை. என் வாழ்க்கையில் நான் பயமில்லாமல் இருந்தது அந்தப் பதினேழு நாள்தான் என்று நினைக்கிறேன்.

பிறகு இரண்டு நாள் மழை.

ஒன்று சொல்ல வேண்டும். சாயங்காலம் மிஞ்சிய மருந்தை அன்றன்றைக்கே அழித்துவிட வேண்டும் என்பது சட்டம். ஆனால் காலையில் புது மருந்து கலந்து அறைக்கு வந்து சேர ஏழரை ஆகிவிடும். ஆட்கள் ஆறரைக்கே வந்துவிடுவார்கள். அந்த ஒரு மணி நேரத்தை வீணாக்காமல் இருக்க, முதல் நாளே ஒரு தட்டு மருந்தை யாருக்கும் தெரியாமல் மணைப்பலகைக்கு அடியில் சாக்குப் போட்டு மூடி வைப்பார்கள். ஞானசீலன் அண்ணாச்சி கண்டால் கொட்டிவிட்டுத் திட்டுவார். ஆகவே அவர் கண்ணில் படாமல் வைப்பார்கள். எனக்குத் தெரியும். அதனால்தான் சூடு அளக்கும் நுனியைச் சுவரின் அடிப்பாகத்தில், பலகைக்குப் பின்னால் வரும்படி வைத்திருந்தேன். யாரையும் காட்டிக்கொடுக்காமல் காப்பாற்றலாம் என்பது என் எண்ணம்.

அன்று காலை எல்லா அறையும் இருபத்தெட்டில் இருந்தது. மழைக் குளிர். ஒன்பதாம் அறை மட்டும் முப்பத்துமூன்று. எட்டு மணிக்கு முப்பத்தேழு. எட்டு பத்துக்கு நாற்பத்தொன்று. சங்கு ஊதியது.

எல்லோரும் வெளியே வந்தார்கள். அண்ணாச்சி ஓடிப்போய்ச் சுவர், கூரை, கதவு எல்லாவற்றிலும் கை வைத்துப் பார்த்தார். குளிர்ந்திருந்தது. மழை ஈரத்தில் நமுத்துப்போனதால் காலையில் யாரும் எடுக்காத தட்டு, பலகைக்கு அடியில் சாக்குக்குள் இருந்தது. சொன்னால் வேலையை விட்டு நிறுத்திவிடுவார்கள் என்று ஒன்பதாம் அறைக்காரர்கள் வாய் திறக்கவில்லை. கதவு திறந்து காற்று போனதால் எண்ணும் முப்பத்துநாலுக்கு இறங்கியது.

வெள்ளைத்தாய் புதுக் கார்டைச் சொல்லிக் கேட்டார். "என்னலே, புது மாப்பிள்ளையும் அளுவுறானா?"

அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. அண்ணாச்சிகூடத் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார். அன்று பார்த்து முதலாளி வெளியூர் வியாபாரியோடு வந்திருந்தார். லோடு ஏற்ற வேண்டிய நாள். அவர் சிரிக்கவில்லை. "ஏலே, இன்னொரு தடவ ஊதுச்சுன்னா நீயும் ஒன் பெட்டியும் சேந்து வெளிய போயிருங்க" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனார்.

நான் அலுவலகத்துக்குள் போய்க் கார்டின் பதிவுகளைப் பார்த்தேன். ஒரு எண்கூட விடுபடவில்லை, ஒன்றுகூடச் சிதையவில்லை. பழைய கார்டாக இருந்திருந்தால், அது உளறுகிறது என்று நானும் நம்பியிருப்பேன். பூட்டிய பெட்டிக்குள் என்ன நடக்கிறதென்று யாருக்குத் தெரியும்? இது அப்படி இல்லை. இதை நான் படித்திருக்கிறேன். இது நாற்பத்தொன்று என்று சொன்னால் அங்கே நாற்பத்தொன்று இருக்கிறது.

இந்த இடத்தை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். கார்டு தன் வேலையைச் செய்தது.

நான் உட்கார்ந்து ஒரே ஒரு வரி எழுதினேன். ஒன்பதாம் அறைக்கு எந்த எண் வந்தாலும் முப்பத்துநாலு என்று எடுத்துக்கொள். அவ்வளவுதான். சுவரில் மாட்டிய திரை முப்பத்துநாலு காட்டியது. சங்குக்கும் முப்பத்துநாலுதான் போய்ச் சேர்ந்தது. ஒரு மணி நேரத்துக்கு மட்டும் என்று நினைத்தேன். வியாபாரி போன பிறகு அண்ணாச்சியைத் தனியாகக் கூப்பிட்டுப் பலகைக்கு அடியில் பார்க்கச் சொல்லலாம் என்று இருந்தேன். என் மேசைமேல் இருந்த சின்னத் திரையில் உண்மையான எண் வந்துகொண்டுதான் இருந்தது. அதை நான் அணைக்கவில்லை. அணைத்திருந்தால் நான் கெட்டவன்.

ஒன்பதே காலுக்கு முப்பத்தொன்பது. ஒன்பதே முக்காலுக்கு நாற்பத்துமூன்று. வியாபாரி டீ குடித்துக்கொண்டிருந்தார். அவர் கிளம்பியதும் சொல்லலாம். பத்தேகாலுக்கு நாற்பத்தாறு. அவர் கிளம்பிவிட்டார். இப்போது சொன்னால், ஏன் ஒன்பதே முக்காலுக்குச் சொல்லவில்லை என்று கேட்பார்கள். ஒவ்வொரு நிமிடமும் சொல்வது அதற்கு முந்தைய நிமிடத்தைவிடக் கஷ்டமாகிக்கொண்டே போனது. உங்களுக்கு இது புரியுமா என்று தெரியவில்லை.  பயந்தவனால் நினைக்க முடியாது, ஐயா. வருகிற எண்களை எண்ண மட்டும்தான் முடியும். பத்து நொடிக்கு ஒன்று.

பத்து ஐம்பத்திரண்டுக்கு வெடித்தது.

சத்தம் நான் நினைத்த அளவுக்குப் பெரிதாக இல்லை. ஜன்னல் கண்ணாடி மொத்தமும் உள்ளே வந்து விழுந்தது. எல்லோரும் புகையைப் பார்த்து ஓடினார்கள், நான் மேசைக்குப் போனேன். அந்த ஒரு வரியை அழித்தேன். அன்று காலையின் எண்களை அழித்தேன். நல்ல கார்டைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பழைய கார்டைச் செருகினேன். எட்டரைக்குத் தொடர்பு அறுந்துவிட்டது என்று பதிவேட்டில் வரும்படி செய்தேன். நாலு நிமிடம் ஆனது. ஒரு எழுத்துக்கூடத் தப்பாக விழவில்லை.

நீங்கள் அன்று மாலை கேட்டீர்கள், தொடர்பு அறுந்தால் சங்கு ஊத வேண்டுமே, ஏன் ஊதவில்லை என்று. சங்கின் சுவிட்சுப் பெட்டிச் சாவி போர்மேனிடம் இருக்கும் என்று சொன்னேன். அது உண்மை. சாவி அவரிடம்தான் இருக்கும். அவர் அணைத்தார் என்று நான் சொல்லவில்லை. நீங்களாகவே எழுதிக்கொண்டீர்கள். நானும் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டேன்.

மூன்று நாளைக்கு முன் அவர் மனைவி ஜெஸ்லின் அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தார். நர்ஸ் வேலை பார்க்கிறவர். யூனிபாரத்தோடு வாசலிலேயே நின்றார். சண்டை போடத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்து அடுப்படிக்குள் போய் நின்றுகொண்டேன். அம்மாதான் என்னைக் கூப்பிட்டு வந்தாள்.

"ஒங்கள ஒண்ணும் நெனச்சுக்கிட வேண்டாம்னு சொல்லச் சொன்னாக தம்பி. மெஷின் போனதுக்கு அந்தப் பையன் என்ன செய்வான், நாந்தான் கை வச்சுப் பாக்காம விட்டுட்டேன்னு செயில்ல அளுதாக. நீங்க நேரத்துக்குச் சாப்பிடுறீகளான்னு கேட்டாக."

சாப்பிடுகிறேன் என்றேன். 

அவருக்காகத்தான் வந்தேன் என்று எழுதிக்கொள்ளலாம். எழுதினால் நன்றாக இருக்கும். ஆனால் செய்தித்தாளில் கார்டு பழுது என்று படித்த பிறகுதான் கிளம்பினேன். சம்பளம் வாங்காமல், முகம் காட்டாமல், யார் யாரோ உட்கார்ந்து எழுதிய டிரைவர் அது. அவர்களுக்கு எங்கள் ஊரில் கெட்ட பெயர் வரக் கூடாது. கார்டு இதோ. எடுத்துச் சோதித்துப் பாருங்கள்.

ஒன்று விட்டுவிட்டேன். விட்டது என்று சொல்லக் கூடாது. கடைசியில் சொல்லலாம் என்று வைத்திருந்தேன்.

பத்து நாற்பதுக்கு முத்துமாரி அக்கா அலுவலகத்துக்கு வந்தார். குடிதண்ணீர்க் கேன் அங்கேதான் இருக்கும். ஒரு டம்ளர் பிடித்துக் குடித்தார். பிறகு என் மேசைப் பக்கம் வந்தார். மருந்தின் வெள்ளிப் பவுடர் ஒட்டிய கையை மேசையில் படாமல் தூக்கி வைத்துக்கொண்டு நின்றார்.

"தம்பி, ரூமுக்குள்ள ஒரு மாதிரி வாட வருது. சொன்னா வெள்ளைத்தாயி சிரிக்கா. ஒன் மெஷின் என்ன சொல்லுது?"

சின்னத் திரை அவர் பக்கம் திரும்பியிருக்கவில்லை. அதில் நாற்பத்தொன்பது இருந்தது.

"முப்பத்துநாலு அக்கா. ஒண்ணுமில்ல."

"அப்பச் சரி" என்றார். முகம் தெளிந்துவிட்டது. ஓடக்கூட இல்லை, சாவகாசமாகத்தான் நடந்து போனார். மற்ற இரண்டு பேர் காகிதக் குழாய் எடுக்கக் குடோனுக்குப் போயிருந்தார்கள், அறையில் வெள்ளைத்தாய் மட்டும் இருந்தார். இவர் உள்ளே போய்க் குனிந்து உட்கார்வது வரை ஜன்னல் வழியாகப் பார்த்தேன்.

பயத்தில் பொய் சொல்லிவிட்டேன், என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாது. அப்படித்தான் எழுத வேண்டும், ஐயா. சத்தியமாகத் தெரியாது. அவர் உள்ளே போனதும் எழுந்து, ஜன்னலோரம் இருந்த என் நாற்காலியை எதிர்ச்சுவர் ஓரமாக இழுத்துப் போட்டு, இரண்டு காதையும் பொத்திக்கொண்டு உட்கார்ந்தேன்.